தொண்ணூற்று மூன்று வருஷத்து வாங்கா

வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணியிலிருந்து மூன்று மணி வரை கோசலா யாருக்கும் வேலைக்காரி இல்லை. மேடம் வீட்டார் அந்த நேரத்தில் பெரிய குடும்பத்து வீட்டுக்குச் சாப்பிடப் போவார்கள். போகிற வழியில் சர்ச் வளாகத்து வாசலில் அவளை இறக்கிவிடுவார்கள், திரும்புகிற வழியில் ஏற்றிக்கொள்வார்கள். வாரத்துக்கு மூன்று மணி நேரம். மீதி நூற்று அறுபத்தைந்து மணி நேரமும் ‘யெஸ் மேடம்’, ‘யல்லா’, ‘கலாஸ்’ என்று ஆங்கிலமும் அரபியுமாக ஓடிப்போகும். அந்த மூன்று மணி நேரத்தில்தான் அவள் தமிழில் பேசுவாள், தமிழில் சண்டை போடுவாள், வயிறு வலிக்கச் சிரிப்பாள்.

இப்போது அந்த மூன்று மணி நேரத்துக்குத்தான் ஆபத்து வந்திருந்தது.

ஓமான் நாட்டுச் சலாலாவின் அந்த வளாகத்தில் மண்டபங்கள் கொஞ்சம், சபைகள் ஏராளம். ஒவ்வொரு சபைக்கும் ஒரு நேரம் ஒதுக்கியிருப்பார்கள். தமிழர்கள் கூடிய வெள்ளிக்கிழமை நேரம் உண்மையில் அவர்களுடையதே இல்லை. செயின்ட் ஹிலாரி என்று கரீபியன் கடலில் ஒரு தீவு. அந்தத் தீவின் ‘மேலறைப் பெந்தெகொஸ்தே சபை’க்கு எழுதி வைத்த நேரம் அது. ஒரு காலத்தில் அந்தத் தீவிலிருந்து வந்த நர்சுகள் ஒன்பது பேர் அங்கே பாடி ஜெபித்தார்கள். எட்டுப் பேர் ஊர் திரும்பிவிட, சிஸ்டர் டெல்ஃபின் மட்டும் மிஞ்சினாள். ஒருத்தி தனியாக எத்தனை வாரம்தான் கைதட்டிப் பாடுவாள்? வாசலில் இடமில்லாமல் நின்ற தமிழர்களை உள்ளே கூப்பிட்டுக்கொண்டாள். ஆறு வருஷம் யாரும் கேட்கவில்லை. இந்த வருஷம் வளாகக் கமிட்டி கேட்டுவிட்டது.

கமிட்டியின் பேச்சு சுருக்கமாக இருந்தது. தீவுச் சபையின் தலைவி நேரில் வந்து, “இது எங்கள் மகள் சபை” என்று கையெழுத்துப் போட்டால் நேரம் தமிழர்களுக்கு. இல்லையென்றால் அது வரிசையில் நிற்கிற இன்னொரு பெரிய சபைக்குப் போய்விடும், தமிழர்களுக்குச் செவ்வாய்க்கிழமை ராத்திரி எட்டு மணி. தொழிலாளர் கேம்ப் ஆட்கள் செவ்வாய்க்கிழமையும் டியூட்டி முடித்து எப்படியாவது வந்துவிடுவார்கள். செவ்வாய்க்கிழமை எட்டு மணிக்கு கோசலா மேடத்தின் மூன்று பிள்ளைகளுக்குச் சோறூட்டிக்கொண்டிருப்பாள். அவளுக்கு அதோடு எல்லாம் முடிந்தது.

அந்தத் தமிழ்ச் சபையைப் பற்றியும் சொல்ல வேண்டும். மொத்தம் நாற்பது பேர். பாதிப் பேர் விசுவாசிகள். மீதிப் பேர் அழகுமலையின் விசுவாசிகள். அழகுமலை உசிலம்பட்டிப் பக்கத்துக்காரர், கேம்ப் மெஸ்ஸில் சமையல். நெற்றி நிறைய விபூதியோடு வருவார், பாட்டு நேரத்தில் நன்றாகவே கைதட்டுவார், மண்டபத்துக்குப் பின்னாலிருக்கும் அறையில் அண்டா நிறையச் சோறும் ஆட்டுக்கறிக் குழம்பும் இறக்கி வைப்பார். மூணாறு வழியாகக் கேரளாவில் கட்டட வேலை பார்த்து, பஹ்ரைன் பார்த்து, கடைசியில் சலாலா வந்தவர். சாமி எங்கே இருக்கிறது என்பதைவிட யார் சாப்பிடவில்லை என்பதுதான் அவருக்கு முக்கியம்.

பாஸ்டர் மணிமாறனுக்கு வாரத்தில் ஆறு நாள் ஏசி ரிப்பேர், ஏழாம் நாள் ஊழியம். தூத்துக்குடிக்காரர், நல்லவர், பயந்தவர். தலைவியின் பெயர் வந்ததும் கேம்ப் சுவரில் ஒட்ட அவரே கம்ப்யூட்டரில் ஒரு நோட்டீஸ் அடித்தார்: ‘மதர் ஆக்னஸ் வாங்கா’.

அழகுமலை அதைப் படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். “என்ன பாஸ்டர், அந்தம்மா பேருக்குப் பின்னாடியே வாங்கனு போட்டு வச்சிருக்கீக? வந்தா நேருல கூப்புட மாட்டீகளா?”

“ஏ, அது அவங்க பேருய்யா! லெட்டர்ல அப்படித்தான் இருக்கு. அந்தத் தீவுல தெருவுக்கு ஒரு வாங்கா உண்டுன்னு சிஸ்டர் டெல்ஃபின் சொல்லுதாங்க. ஏதோ பரிசுத்த பேராம்.”

“வாங்காவா? சரி சரி. போங்கானு ஒருத்தி இல்லாம இருந்தாச் சரி.”

டெல்ஃபின் சிரிக்கவில்லை. அவளுக்கு வேறு கவலை. மகள் சபை ஆவது சும்மா இல்லை. அதற்கு ‘சரித்திர நாள்’ என்று ஒரு கூட்டம் நடத்த வேண்டும். முந்தின ராத்திரியிலிருந்து எல்லோரும் உபவாசம். சபை பிறந்த கதையைத் தலைவி சொல்லக் கேட்க வேண்டும். கடைசியில் அந்தச் சபைக்கு ஆவியானவர் தந்த முதல் அந்நிய பாஷையைத் தலைவி முழங்குவார். எல்லோரும் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். அதற்கு முன் அந்த வாக்கைப் புதியவர்கள் காதில் போடக்கூடாது, டெல்ஃபின்கூடச் சொல்லக்கூடாது.

“அதுக்கு என்ன அர்த்தம்?” என்று கோசலா ஆங்கிலத்தில் கேட்டாள்.

“யாருக்கும் தெரியாது,” என்றாள் டெல்ஃபின் பெருமையோடு. “தொண்ணூற்று மூன்று வருஷமாக அர்த்தத்துக்காக ஜெபிக்கிறோம். எபிரேயம் என்றார் ஒருவர். ஆப்பிரிக்காவில் தேடினார் ஒருவர். என் பெரியப்பா முந்நூறு பக்கம் எழுதினார், அதுவும் முதல் பாதிக்கு மட்டும்.”

மொழிபெயர்க்க வேண்டியவள் கோசலா. இலங்கையில் ஹட்டன் பக்கம் தேயிலை எஸ்டேட் லயத்தில், கூலி வீட்டு வரிசையில் பிறந்து, கன்னியாஸ்திரிகளிடம் படித்து, பத்து வருஷம் வெளிநாட்டு வீடுகளில் வாங்கிய பேச்சில் வளர்ந்த ஆங்கிலம் அவளுடையது. பெந்தெகொஸ்தே மேடையில் மொழிபெயர்ப்பது ஒரு தனி வித்தை. பிரசங்கியார் ஒரு வரி, மொழிபெயர்ப்பவர் ஒரு வரி. அவர் கத்தினால் இவரும் கத்த வேண்டும், அவர் குதித்தால் இவரும் குதிக்க வேண்டும், இடையில் மூச்சு விட்டால் ஆவியின் வேகம் போய்விடும். கோசலா அதில் கெட்டிக்காரி. காதில் விழுந்தது வாயில் தமிழாக வந்துவிடும். நடுவில் யோசனைக்கு இடமே இல்லை. இதை அவள் ஒரு வரமாக நினைத்திருந்தாள். அந்த வெள்ளிக்கிழமை வரைக்கும்.

அன்று சலாலாவில் கரீஃப் என்கிற பருவமழைச் சாரல். மலையெல்லாம் பச்சை, ரோட்டோரம் இளநீர்க் கடைகள், வாழைத் தோட்டங்களின் மேல் புகை போல மழை. காரை விட்டு இறங்கிய மதர் ஆக்னஸ் வாங்கா தென்னை மரங்களை அண்ணாந்து பார்த்து, “நான் ரெண்டு நாள் பறந்து வந்தது எங்கள் வீட்டுக் கொல்லைக்கா?” என்று கேட்டுக் கடகடவென்று சிரித்தார். எழுபத்தெட்டு வயது. வெள்ளைத் தொப்பி, வெள்ளை உடுப்பு, வெங்கலக் குரல். பார்த்த மாத்திரத்தில் எல்லோருக்கும் அவரைப் பிடித்துப்போயிற்று. பிடிக்காத ஒரே விஷயம் உபவாசம். நேற்று ராத்திரி எட்டு மணிக்குச் சாப்பிட்ட நாற்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். பின்னறைக் கதவிடுக்கு வழியாக அழகுமலையின் குழம்பு வாசனை வரிசை வரிசையாக வந்து விசாரித்துப் போயிற்று.

கதை தொடங்கியது. மதர் ஒரு வரி, கோசலா ஒரு வரி.

“ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தொன்றாம் வருஷம்!”

“அல்லேலூயா!” என்றது சபை, சுரத்தில்லாமல்.

கரும்புத் தோட்டம். கூலி குறைந்த வருஷம். பெரிய கோயில்காரர்கள் உள்ளே விடாத நாற்பது கறுப்பு ஜனங்கள். கேலப் என்ற பள்ளி வாத்தியார் அவர்களைக் கரும்பு ஆலைக்குப் பின்னாலிருந்த ஒரு கொட்டகையின் மச்சுக்கு ஏற்றினார். அதுதான் அவர்களுடைய மேலறை. ஆவி இறங்கும் வரை யாரும் இறங்குவதில்லை, வாயில் ஒரு பருக்கை வைப்பதில்லை என்று ஆணையிட்டார்கள். ஒரு நாள், இரண்டு நாள், ஐந்து நாள். ஆவி வரவில்லை. ஒன்பதாம் நாள் மூன்று பேர் மயங்கி விழுந்தார்கள்.

முன்வரிசையில் ஒரு வெல்டர் தன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, “ஐயோ பாவம்,” என்றான். அன்றைக்கு அந்த மண்டபத்தில் மனதிலிருந்து வந்த முதல் வார்த்தை அதுதான்.

“பத்தாம் நாள்!” மதர் குரலை இறக்கினார். கோசலாவும் இறக்கினாள். “மத்தியானம். கதவு திறந்தது. ஒரு ஸ்திரீ நின்றாள். அவளை யாருக்கும் தெரியாது. தலையில் முக்காடு. மூக்கில் பொன் மின்னியது. முகம் அடுப்புத் தணல் போலச் சிவந்திருந்தது. வானத்திலிருந்து வந்தவள் போல அவள் கையை நீட்டினாள். எந்த மனிதரும் கேட்டிராத பாஷையில் முழங்கினாள். நாற்பது பேரும் ஒருசேர எழுந்தார்கள்! அழுதார்கள்! வெளியே ஓடினார்கள்! நிரப்பப்பட்டார்கள்! அவள் அதற்குப் பிறகு யார் கண்ணிலும் படவில்லை. தேவதூதன் என்கிறோம். கேலப் வாத்தியார் அவள் சொன்னதை எழுதி வைத்தார். எங்கள் தீவில் முப்பத்தொரு ஆலயங்களின் வாசலிலும் அதைப் பொறித்திருக்கிறோம். கண்ணை மூடுங்கள். கேளுங்கள்!”

மதர் கண்ணை இறுக மூடி, இரண்டு கையையும் விரித்து, அடிவயிற்றிலிருந்து முழங்கினார்.

“பாட்னி போட்டம்! சோரா ரூடூ! வாங்கா! வாங்கா!”

கோசலாவின் காதில் விழுந்தது. வாய்க்குப் போயிற்று. நடுவில் ஒன்றுமில்லை.

“பட்டினி போதும்! சோறு ஆறுது! வாங்க! வாங்க!” என்று மைக்கில் அதே வேகத்தில், அதே கை விரிப்போடு, எஸ்டேட் லயத்து வாசலில் நின்று கூப்பிடுகிற குரலில் கத்திவிட்டாள்.

ஒரு நொடி மண்டபம் அசையவில்லை. அடுத்த நொடி நாற்பது நாற்காலிகளும் ஒரே சமயத்தில் பின்னால் தள்ளப்பட்டன. “ஆமென்!” என்று ஒருவன் உயிரைக் கொடுத்துக் கத்தினான். “ஸ்தோத்திரம்!” என்று இன்னொருவன் அழாக்குறையாகச் சொன்னான். வெல்டர் இரண்டு வரிசை நாற்காலியைத் தாண்டினான். அழகுமலை பின்னறைக் கதவை அகலத் திறந்து, “ஓடாதீகய்யா, எல்லாத்துக்கும் இருக்கு!” என்று கரண்டியால் அண்டாவைத் தட்டினார். பாஸ்டர் மணிமாறன் தடுக்கப் போனார். கூட்டம் அவரையும் சேர்த்து உள்ளே கொண்டுபோயிற்று.

மதர் ஆக்னஸ் கண்ணைத் திறக்கவில்லை. கன்னத்தில் தாரை தாரையாகக் கண்ணீர். “ஓடுகிறார்கள்,” என்றார் நடுங்கும் குரலில். “டெல்ஃபின், சத்தம் கேட்கிறதா? அந்த நாளைப் போலவே! எழுந்து ஓடுகிறார்கள்!”

டெல்ஃபினுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

மதர் கண்ணைத் திறந்தபோது மண்டபத்தில் அவர், டெல்ஃபின், கோசலா, நாற்பது காலி நாற்காலிகள். பின்னறையிலிருந்து தட்டுச் சத்தம், எலும்பு கடிக்கிற சத்தம், “குழம்பு இந்தப் பக்கம்” என்ற சத்தம்.

“எங்கே போனார்கள்?” என்றார் மதர்.

பாஸ்டர் மணிமாறன் எப்படியோ நீந்தி வெளியே வந்து கோசலாவின் காதைக் கடித்தார். “சிஸ்டர், சமாளிச்சுருங்க. ஆவியில நிறைஞ்சு ஜெபிக்கப் போயிருக்காங்கன்னு சொல்லுங்க. கர்த்தருடைய மகிமை இறங்குதுன்னு அதுக்கு அர்த்தம் சொல்லிருங்க. அவங்களுக்குத் தமிழ் தெரியவா போவுது? கையெழுத்துப் போட்டுட்டுப் போயிருவாங்க.”

கோசலா டெல்ஃபின் பக்கம் பார்த்தாள். டெல்ஃபினின் பைலில் கமிட்டிக்கு டைப் அடித்து வைத்த கடிதம் இருந்தது, ஒரு கையெழுத்துதான் பாக்கி. ஒரே ஒரு பொய். ‘மகிமை இறங்குகிறது’ என்று சொன்னால் தீவு முழுக்கக் கொண்டாடும். வெள்ளிக்கிழமை அவளுக்கு மிஞ்சும். உண்மையைச் சொன்னால், முப்பத்தொரு ஆலயத்து வாசலிலும் எழுதி வைத்திருப்பது சாப்பாட்டுக்குக் கூப்பிட்ட சத்தம் என்றாகும். அந்தக் கிழவியின் முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது?

ஆனால் அந்த முக்காட்டுக்காரி கோசலாவை விடவில்லை. மூக்குத்தி போட்டுக்கொண்டு, அடுப்படியிலிருந்து நேராக எழுந்து வந்தவள். கோசலாவின் முன்னோரைப் போலத் தேயிலைக்குப் போகாமல் கரும்புக்குப் போன கப்பலில் ஏறியவள், அவ்வளவுதான் வித்தியாசம். பத்து நாள் பக்கத்து மச்சில் நாற்பது பேர் பட்டினி கிடப்பதைப் பார்த்துப் பொறுக்காமல் உலை வைத்திருக்கிறாள். தொண்ணூற்று மூன்று வருஷமாக ஒரு தீவே அவள் சொன்னதைத் திருப்பிச் சொல்கிறது, ஒருவருக்கும் அவள் என்ன சொன்னாள் என்று தெரியாது. தெரிந்ததைச் சொல்லக்கூடிய ஒரே ஆள் இங்கே நிற்கிறாள். அவளும் பொய் சொன்னால்?

“முடியாது பாஸ்டர்,” என்றாள் கோசலா. “அந்தப் பொம்பளைய எல்லாருமா சேந்து தேவதூதனாக்கிட்டு, அவ சொன்னத ஒருத்தரும் கேக்கல. நானும் கேக்காத மாதிரி இருக்க மாட்டேன்.”

மதரிடம் திரும்பி ஆங்கிலத்தில் சொல்லிவிட்டாள். அது வேற்றுலகப் பாஷை இல்லை என்று சொன்னாள். தமிழ் என்று சொன்னாள். என்னுடைய பாஷை, எங்கள் லயத்துப் பாஷை, இப்போது உள்ளே சாப்பிடுகிறவர்களுடைய பாஷை. “பட்டினி கிடந்தது போதும், சோறு ஆறிப்போகிறது, வாருங்கள்” என்றுதான் அவள் கூப்பிட்டாள். எங்கள் ஆட்கள் நேற்று ராத்திரியிலிருந்து பட்டினி. கூப்பிட்டதும் போய்விட்டார்கள். அவர்கள் மேல் தப்பில்லை.

டெல்ஃபின் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள். “முந்நூறு பக்கம்,” என்று முனகினாள்.

மதர் ஆக்னஸ் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். கோசலா செவ்வாய்க்கிழமையை நினைத்துக்கொண்டாள்.

“சோறு,” என்றார் மதர் கடைசியில். “அரிசிச் சோறா?”

“ஆமாம் மதர்.”

“என் அம்மா அந்த நாற்பது பேரில் ஒருத்தி. பத்தொன்பது வயசு. மச்சிலிருந்து இறங்கி ஓடிய இடத்தில் ஒரு பெரிய பானை இருந்தது, அந்த ஸ்திரீ எங்களுக்கு இலையில் சோறு போட்டாள், இன்னொரு தடவையும் போட்டாள் என்று சொன்னாள். நிரப்பப்பட்டோம் என்றால் வயிறு நிரம்பியது என்று சொன்னாள். ஆவியானவரைக் கேவலப்படுத்துகிறாள் என்று மூன்று மாதம் அவளைச் சபைக்கு வெளியே நிறுத்தினார்கள். அதற்குப் பிறகு அவள் அதைச் சொன்னதே இல்லை. சாகிற அன்றைக்கு என் காதில் மட்டும் சொன்னாள்: ‘ஆக்னஸ், சோறு சுடச்சுட இருந்தது.’ நானும் நம்பவில்லை. நான் தலைவி இல்லையா?”

முதலில் அவருடைய தோள் குலுங்கியது. அழுகிறார் என்று பாஸ்டர் பயந்தார். பிறகு சத்தம் வந்தது; சிரிப்பு. எழுபத்தெட்டு வயது உடம்பு முழுக்கக் குலுங்குகிற, நிறுத்த முடியாத சிரிப்பு. “என் பெயர் வாங்கா! என் பெயருக்கு என்ன அர்த்தம்?”

“வாருங்கள் என்று அர்த்தம். மரியாதையாக. விருந்தாளியைக் கூப்பிடுகிற மாதிரி.”

“எங்களை அந்த நாளில் யாரும் மரியாதையாகக் கூப்பிட்டதில்லை மகளே,” என்றார் மதர். கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து, பின்னறைக்கு நடந்தார்.

அவரைப் பார்த்ததும் நாற்பது வாய்களும் மெல்லுவதை நிறுத்தின. அழகுமலை மட்டும் பதறவில்லை. தட்டை எடுத்துச் சோற்றைப் போட்டு, நடுவில் குழி பறித்துக் குழம்பை ஊற்றி நீட்டினார். “உக்காருங்கம்மா. நெஞ்செலும்பு உங்களுக்குனு எடுத்து வச்சிருக்கேன்.”

மதர் தரையில் விரித்த பிளாஸ்டிக் விரிப்பில் உட்கார்ந்து, கையால் சாப்பிட்டார். ஒரு வாய் சாப்பிடுவார், சிரிப்பார், “அம்மா, நீ சொன்னது சரி,” என்பார், அடுத்த வாய் சாப்பிடுவார். பார்த்தவர்களுக்கும் சிரிப்பு தொற்றிக்கொண்டது. காரணம் தெரியாதவர்கள்தான் அதிகம் சிரித்தார்கள். இரண்டாம் தடவை சோறு வாங்கிக்கொண்டு அவர் டெல்ஃபினிடம் கடிதத்தைக் கேட்டார்.

இடது கையால் பேனாவைப் பிடித்து ஒரு வார்த்தையை அடித்தார். அதற்கு மேல் வேறு ஒன்றை எழுதினார். கையெழுத்துப் போட்டு, கோசலாவிடம் நீட்டினார். “வாசி. சத்தமாக.”

கோசலா ஆங்கிலத்தில் வாசித்தாள். முதல் முறையாக, காதுக்கும் வாய்க்கும் நடுவில் யோசனை வந்து உட்கார்ந்துகொண்டது, தமிழ் உடனே வரவில்லை.

“என்ன சிஸ்டர்? அடிச்சுட்டாங்களா? மகள் சபை இல்லன்னுட்டாங்களா?” பாஸ்டரின் குரல் அழுகைக்குப் போயிற்று.

“இல்லன்னுதான் எழுதியிருக்காங்க பாஸ்டர்,” என்றாள் கோசலா. “நாம மகள் சபை இல்லையாம். தாய்ச் சபையாம். அவுங்கதான் நமக்கு மகளாம். அவுங்க தீவுல இருக்கிற முப்பத்தொரு கோயிலும்.”

பாஸ்டர் மணிமாறன் கறித் துண்டைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றார். கையெழுத்து விழுந்துவிட்டது, வெள்ளிக்கிழமை மிஞ்சிவிட்டது; மூச்சு முட்டுகிற அளவுக்கு ஒரு சந்தோஷம் கோசலாவுக்குள் ஏறியது. அவள் மதரின் பக்கத்தில் உட்கார்ந்து தட்டை முன்னால் இழுத்தாள்.

“முப்பத்தொண்ணா?” என்றார் அழகுமலை, அண்டாவை எட்டிப் பார்த்துக்கொண்டே. “முன்கூட்டியே சொல்லச் சொல்லுத்தா. அரிசி பத்தாது.”